பாவத்திலிருந்து விடுதலை: ஜான் நியூட்டனின் நாற்பது ஆண்டுகள்

கிறிஸ்தவ சமயம் பாவத்தை இரண்டு விதமாகப் பார்க்கிறது. ஒன்று, மனிதன் செய்யும் குற்றம். அதற்கு மன்னிப்பு வேண்டும். மற்றொன்று, மனிதனைப் பிடித்துவைத்திருக்கும் ஆதிக்கம். அதற்கு விடுதலை வேண்டும். பொய் சொன்னவன் மன்னிப்புக் கேட்கலாம், கிடைக்கவும் செய்யலாம். மறுநாள் விடிந்ததும் அவன் வாய் பழையபடி பொய்யையே தேடுமானால், மன்னிப்போடு அவன் காரியம் முடிந்துவிடவில்லை. யோவான் சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரத்தில் பாவம் செய்கிறவன் பாவத்துக்கு அடிமை என்று இயேசு சொல்கிறார். விடுதலையைப் பற்றி அவர் அதற்குச் சற்று முன் பேசியதே கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. தாங்கள் ஆபிரகாமின் சந்ததியார், ஒருநாளும் ஒருவருக்கும் அடிமைப்பட்டதில்லை என்று மறுத்துப் பேசினார்கள். ரோமானியப் படை நாட்டை ஆண்டுகொண்டிருந்த காலத்தில் இப்படிப் பேசினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டுண்டு கிடப்பவனுக்கே கட்டு தெரியாமல் இருப்பதுதான் இந்த அடிமைத்தனத்தின் முதல் குணம்.

இந்தச் சிந்தனைக்கு அஸ்திவாரம் இட்டது பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபம். கி.பி. 57ஐ ஒட்டி, கொரிந்து நகரில் இருந்தபோது அவர் அதை எழுதியதாகக் கருதப்படுகிறது. ரோமாபுரியில் அடிமைகள் திரளாக இருந்தார்கள், சபையிலும் இருந்தார்கள். கடைசி அதிகாரத்தில் பவுல் வாழ்த்துச் சொல்லும் பெயர்களில் பல, அக்காலத்தில் அடிமைகளுக்கும் விடுவிக்கப்பட்ட அடிமைகளுக்கும் வழங்கியவை. ஆகவே ஆறாம் அதிகாரத்தில் எஜமான், அடிமை, விடுதலை என்று அவர் பேசியபோது, வாசிக்கக் கேட்டவர்களுக்கு அது வெறும் அலங்காரப் பேச்சாக இருந்திருக்காது. அடிமை இறந்துவிட்டால் எஜமானின் உரிமையும் அத்தோடு முடிந்தது. ஞானஸ்நானத்தில் விசுவாசி கிறிஸ்துவோடு மரித்து அவரோடு எழுகிறான். எனவே பழைய எஜமானாகிய பாவத்துக்கு அவன்மேல் இனி உரிமை இல்லை என்பது பவுலின் வாதம். எந்த எஜமானும் இல்லாமல் தன் இஷ்டப்படி இருப்பதை அவர் விடுதலை என்று சொல்லவில்லை. கடவுளுக்கு ஊழியம் செய்யக் கிடைத்த விடுதலை என்றே சொன்னார். இக்காலத்தவர் காதுக்கு இது உறுத்தலாகப் படலாம். பவுலைப் பொறுத்தவரை யாருக்கும் ஊழியம் செய்யாத மனிதன் என்று ஒருவன் கிடையாது.

அப்படியானால் விடுதலை பெற்றவன் ஏன் மறுபடியும் பாவம் செய்கிறான்? விரும்புகிற நன்மையைச் செய்ய முடியாமல், வெறுக்கிற தீமையையே செய்துகொண்டிருக்கும் ஒருவனின் புலம்பல் ஏழாம் அதிகாரத்தில் வருகிறது. அவன் கிறிஸ்துவை அறியாதவனா, அறிந்தவனா என்ற கேள்வி இருபது நூற்றாண்டுகளாகத் தீரவில்லை. ஹிப்போ நகரப் பேராயர் அகஸ்டீன் தொடக்கத்தில் அவனை அறியாதவன் என்று கொண்டார். வயது ஏற ஏற, அவன் விசுவாசியாகவும் இருக்கலாம் என்று கருத்தை மாற்றிக்கொண்டார். எட்டாம் அதிகாரம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. கிறிஸ்துவுக்கு உட்பட்டவர்கள்மேல் தண்டனைத் தீர்ப்பு இல்லை என்று தொடங்கும் அது, சிறிது தூரம் போனதும், படைப்பு முழுவதும் பிரசவ வேதனைப்படுவதாகவும், விசுவாசிகளும் சரீரத்தின் மீட்புக்காகக் காத்துத் தவிப்பதாகவும் சொல்கிறது. விடுதலை கிடைத்தாயிற்று, இன்னும் கிடைத்துக்கொண்டிருக்கிறது, முழுவதும் கிடைப்பது இனிமேல்தான்.

அகஸ்டீனின் கருத்து மாறியதில் வியப்பில்லை. 386இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அவர் மனந்திரும்பிய கதை பலருக்கும் தெரியும். கற்புடன் வாழ ஆசை, ஆனால் இன்றே வேண்டாம் என்ற தயக்கம். இப்படி ஆண்டுக்கணக்கில் இழுபட்டவர் அவர். அடுத்த ஆண்டு ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்றார். பத்தாண்டுகளுக்குப் பின் பேராயராக இருந்தபோது எழுதிய தன்வரலாற்று நூலின் பத்தாவது பகுதியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். உணவில் வரும் பேராசை, இசையின் இனிமையில் வார்த்தையை மறந்துவிடுவது, பிறர் புகழ்ச்சி தரும் சுகம் என்று அப்போதும் தன்னைப் பிடித்திருந்தவற்றை அவர் அதில் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறார். மனிதன் தன் சித்த பலத்தாலேயே பாவத்தை விட்டுவிட முடியும் என்று பெலாகியஸ் போதித்தபோது, அகஸ்டீன் அதை அவ்வளவு கடுமையாக எதிர்த்ததற்கு இந்தச் சுயபரிசோதனை ஒரு காரணம். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் பெலாகியஸின் போதனையைக் கண்டித்தது. கிருபை இல்லாமல் விடுதலை இல்லை என்பது மேற்கத்திய சபையின் பொதுக் கொள்கையாயிற்று.

அந்தக் கிருபை எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் சபைகள் பிரிந்தன. பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர், கடவுள் பாவியை விசுவாசத்தின் பேரிலேயே நீதிமான் என்று தீர்க்கிறார், அவனுடைய நற்செயலின் பேரில் அல்ல என்று வாதிட்டார். விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான் என்பது அவர் நிலை. 1545 முதல் 1563 வரை நடந்த திரெந்து பொதுச்சங்கத்தில் கத்தோலிக்கத் திருச்சபை, கிருபை மனிதனை உள்ளிருந்தே புதுப்பிக்கிறது, அவனும் அதற்கு இசைந்து ஒத்துழைக்கிறான் என்று அறிவித்தது. பாவசங்கீர்த்தனம் அதற்குரிய வழிகளில் ஒன்று. கீழைத் திருச்சபைகள் பாவத்தை நீதிமன்றக் குற்றத்தைவிட நோயாகவே அதிகம் பேசுகின்றன. விடுதலை அவர்களுக்குக் குணமாவது. 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு கூட்டத்தில் லூத்தரின் ரோமர் நிருப முன்னுரை வாசிக்கப்படுவதைக் கேட்டு மனம் மாறிய ஜான் வெஸ்லி, இம்மையிலேயே அன்பில் பூரணமடைய முடியும் என்று போதிக்கும் அளவுக்குப் போனார். நூற்றாண்டுகள் சண்டையிட்ட லூத்தரன் சபைகளும் கத்தோலிக்கரும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், நீதிமானாக்கப்படுதல் பற்றிய ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டனர்.

கொள்கை அளவில் இவ்வளவு போதும். ஒரு மனித வாழ்வில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்க ஜான் நியூட்டனைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது. ‘அமேசிங் கிரேஸ்’ என்ற ஆங்கிலப் பாமாலையை எழுதியவர். அடிமைக் கப்பல் ஓட்டினார், புயலில் சிக்கினார், மனந்திரும்பினார், அந்தத் தொழிலை உதறினார், பாட்டு எழுதினார் என்று மேடைகளில் அவர் கதை சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரிசை தவறு. மனந்திரும்பிய பின்புதான் அவர் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனானார்.

நியூட்டன் 1725 ஜூலை 24 அன்று லண்டனில் பிறந்தார். தகப்பனார் மத்தியதரைக் கடல் வாணிபத்தில் கப்பல் தலைவர். தாய் எலிசபெத் பக்தி மிகுந்தவர். மகனுக்கு வேத வினாவிடைகளையும் ஞானப்பாட்டுகளையும் சொல்லிக்கொடுத்தார். பையனுக்கு ஏழு வயது நிறையும் முன்பே காசநோயில் இறந்துவிட்டார். பதினொரு வயதில் பையன் தகப்பனோடு கடலுக்குப் போனான். 1744இல் கடற்படை ஆட்கள் அவரைக் கட்டாயமாகப் பிடித்து ஹாரிச் என்ற போர்க்கப்பலில் சேர்த்தார்கள். கடவுள் நம்பிக்கையைக் கேலி செய்யும் பழக்கம் அங்கேதான் முற்றியது. கப்பலை விட்டு ஓடினார், பிடிபட்டார், எல்லார் முன்னிலையிலும் கசையடி பட்டுப் பதவி இழந்தார். பிறகு ஆப்பிரிக்கக் கரைக்குப் போகும் கப்பல் ஒன்றுக்கு மாற்றப்பட்டார்.

சியரா லியோனை ஒட்டிய பிளான்டைன் தீவுகளில் ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் நிலை இன்னும் இறங்கியது. வியாபாரியின் ஆப்பிரிக்க மனைவிக்கு அவரைப் பிடிக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தவருக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே பாடாக இருந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த அடிமைகள் தங்களுக்குக் கிடைத்த கொஞ்ச உணவிலிருந்து ஒளித்து எடுத்துவந்து அவருக்குக் கொடுத்தார்கள் என்று அவரே பின்னாளில் எழுதினார். கையில் இருந்த ஒரே புத்தகம் யூக்ளிடின் வடிவியல். குச்சியால் மணலில் படம் போட்டு அதைப் படித்தார். அந்தக் கரையில் அவருக்குச் சோறு கொடுத்த கைகளை அவர் நன்றியோடு நினைவில் வைத்திருந்தார்; அதே கைகளில் விலங்கு பூட்டும் தொழிலுக்குச் சில ஆண்டுகளில் தலைமை தாங்கினார். இந்த இரண்டும் ஒரே மனத்தில் இடித்துக்கொள்ளாமல் இருக்க முடிந்தது என்பதுதான் அவருடைய வாழ்க்கையில் விளக்க வேண்டிய விஷயம்.

தகப்பனார் சொல்லி அனுப்பியதன் பேரில் கிரேஹவுண்ட் என்ற லிவர்பூல் கப்பல் அவரைத் தேடிப் பிடித்து ஏற்றிக்கொண்டது. பொன், தந்தம், தேன்மெழுகு, சாய மரம் ஆகியவை அதன் சரக்கு. ஊர் திரும்பும் வழியில், வட அட்லாண்டிக்கில், பழைய நாட்காட்டிப்படி 1748 மார்ச் 10 அன்று இரவு புயல் அடித்தது. நியூட்டன் மேல்தளத்துக்கு ஏறும்போது, கத்தி ஒன்றை எடுத்துவரச் சொல்லிக் கேப்டன் அவரைத் திருப்பி அனுப்பினார். அவருக்குப் பதிலாக ஏறியவரை அலை அடித்துக்கொண்டு போயிற்று. கப்பலின் ஒரு பக்கத்து மேல்மரங்கள் பெயர்ந்துவிட்டன. துணிமணிகளையும் படுக்கைகளையும் ஓட்டைகளில் திணித்து, மேலே பலகை அடித்து, விடியற்காலம் தொடங்கி நண்பகல் வரை அவர் பம்பில் தண்ணீர் இறைத்தார். தேன்மெழுகும் மரமும் தண்ணீரைவிட இலேசானவை. கப்பல் மூழ்காமல் நின்றது அவற்றால்தான். வேலையின் நடுவே, இதுவும் பலிக்காவிட்டால் கர்த்தர்தான் இரங்க வேண்டும் என்று அவர் வாயிலிருந்து ஒரு பேச்சு வந்தது. சொன்ன பிறகே அது அவரைத் தைத்தது. பல ஆண்டுகளாக ஏளனமாக மட்டுமே அவர் உச்சரித்த பெயர் அது. தனக்கு என்ன இரக்கம் கிடைக்கப்போகிறது என்ற எண்ணத்தோடு, பிற்பகல் முதல் நடுஇரவு வரை சுக்கானைப் பிடித்து நின்றார்.

புயல் தணிந்த பின் கப்பலில் இருந்த புதிய ஏற்பாட்டை எடுத்து வாசித்தார். லூக்கா 11ஆம் அதிகாரத்தில், கேட்கிறவர்களுக்குப் பரிசுத்த ஆவி கொடுக்கப்படும் என்ற வாக்கு கண்ணில் பட்டது. நூல் உண்மையானால் வாக்கும் உண்மையாக வேண்டும். எனவே கேட்டுப் பார்த்துச் சோதிக்கலாம் என்று முடிவு செய்தார். மணலில் யூக்ளிட் படித்தவனின் தர்க்கம் இதில் தெரிகிறது. ஏப்ரல் 8 அன்று அயர்லாந்தின் லாக் ஸ்வில்லி துறையில் கப்பல் சேர்ந்தபோது கடைசிப் பங்கு உணவு பானையில் வெந்துகொண்டிருந்தது.

உடனே நடந்த மாற்றம் ஒன்று உண்டு: வாய்த் துஷ்டத்தனம் நின்றது. மாலுமிகளே முகம் சுளிக்கும் அளவுக்குச் சாபமும் தூஷணமும் பேசியவர் அத்தோடு விட்டுவிட்டார். ஆனால் அந்த நாளைத் தம் முழு இரட்சிப்பின் நாளாக அவர் கணக்கு வைக்கவில்லை. முழுப் பொருளில் தாம் விசுவாசியானது அதற்கு நெடுநாள் கழித்துத்தான் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார். ‘நீங்கள் எப்போது இரட்சிக்கப்பட்டீர்கள்?’ என்று தேதி கேட்கும் பழக்கம் தமிழ்நாட்டு எழுப்புதல் கூட்டங்களில் நன்றாக வேரூன்றியது. நியூட்டனிடம் கேட்டிருந்தால் நேர்ப் பதில் கிடைத்திருக்காது. இருந்தாலும் ஆண்டுதோறும் மார்ச் 21ஐ, அதாவது புதிய நாட்காட்டியில் அந்தப் புயல் நாளை, அவர் நன்றி நாளாக அனுசரித்தார்.

புயலுக்குச் சில மாதங்களிலேயே பிரவுன்லோ என்ற அடிமைக் கப்பலில் முதல் மேட்டாகச் சேர்ந்தார். 1750இல் மேரி கேட்லெட்டை மணந்தார். அதே ஆண்டில் டியூக் ஆஃப் ஆர்கைல் கப்பலின் கேப்டனானார்; பிறகு ஆஃப்ரிக்கன் என்ற கப்பலில் இரண்டு பயணம். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். மனைவிக்கு உருக்கமான கடிதங்கள் எழுதினார். கீழ்த்தளத்தில் மனிதர்கள் வரிசையாக விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். அவருடைய கப்பல் நாட்குறிப்பில் இறந்த அடிமைகள் பெயரில்லாமல் எண்ணால் குறிக்கப்படுகிறார்கள். 1752 டிசம்பரில் எழுதிய ஒரு பதிவு நின்று வாசிக்கத்தக்கது. அடிமைகள் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டது தெரியவந்தது. கடவுளின் தயவால் உரிய நேரத்தில் கண்டுபிடித்ததாக நன்றி சொல்கிறார். தொடர்ந்து, முழு உண்மையையும் வரவழைக்கச் சிறுவர்களின் கட்டைவிரல்களைத் திருகுக் கருவியில் இலேசாக வைத்து நெருக்கியதையும் எழுதிவைக்கிறார். நன்றியும் சித்திரவதையும் அடுத்தடுத்து நிற்கின்றன. எழுதியவர் கபடம் எதுவும் செய்யவில்லை. அவர் ஜெபம் உண்மை, அதுதான் பயங்கரம்.

தொழில் அவருக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. தம்மை ஒரு சிறைக்காவலனைப் போல உணர்ந்ததாகவும், இன்னும் மனிதத்தன்மையுள்ள வேலை கொடுக்கும்படி ஜெபித்ததாகவும் பின்னால் எழுதினார். ஆனால் அது பாவம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. கௌரவமான தொழில் என்று ஊர் ஏற்றுக்கொண்டிருந்தது. லிவர்பூலின் செல்வமே அதில்தான் இருந்தது. கடைசிப் பயணத்தில் அடிமைகளிலும் மாலுமிகளிலும் ஒருவர்கூட இறக்கவில்லை என்பதைக் கடவுளின் தனிக் கிருபையாக எண்ணினார். 1754 நவம்பரில், அடுத்த பயணம் புறப்படுவதற்குச் சிறிது முன், திடீரென வலிப்புப் போன்ற ஒரு தாக்கம் வந்து விழுந்தார். மருத்துவர் கடலுக்குப் போகக் கூடாது என்றார். அவர் அடிமை வணிகத்தை விட்டது இப்படித்தான். மனச்சாட்சி அதில் பங்கு பெறவில்லை. அக்காலத்தில் யாருக்குமே அது தெரியவில்லை என்ற சமாதானமும் செல்லாது. அதே 1754இல்தான் அமெரிக்கக் குவேக்கரான ஜான் வுல்மன், கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருப்பதைக் கேள்வி கேட்டு ஒரு சிறுநூல் வெளியிட்டார்.

லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க வேலையில் சேர்ந்த நியூட்டன் கிரேக்கமும் எபிரெயமும் கற்றார். ஆயராக விரும்பி முதலில் மறுக்கப்பட்டு, 1764இல் ஆங்கிலிக்கன் குருவாக அபிஷேகம் பெற்றார். பக்கிங்ஹாம்ஷயரில் லேஸ் பின்னும் ஏழைகள் நிறைந்த ஓல்னி என்ற சிற்றூர் அவர் சபை. அதே ஆண்டில் அவருடைய வாழ்க்கை வரலாறு கடித வடிவில் வெளிவந்து அவரைப் பிரபலமாக்கியது. அதிலும் அடிமை வணிகத்துக்காக மனம் வருந்தும் பேச்சு இல்லை.

1773 ஜனவரி 1 அன்று, 1 நாளாகமம் 17ஆம் அதிகாரத்தில் தாவீது செய்யும் நன்றி ஜெபத்தின் பேரில் அவர் பிரசங்கம் செய்தார். அந்தப் பிரசங்கத்தையொட்டி எழுதியதுதான் ‘அமேசிங் கிரேஸ்’. 1779இல் வந்த ‘ஓல்னி ஹிம்ஸ்’ தொகுப்பின் 348 பாடல்களில் அதுவும் ஒன்று. இன்று எங்கும் பாடப்படும் மெட்டு அமெரிக்காவில் 1835இல்தான் அதனோடு சேர்ந்தது.

அந்தத் தொகுப்பில் அறுபதுக்கு மேற்பட்ட பாடல்கள் நியூட்டனின் நண்பர் வில்லியம் கூப்பர் எழுதியவை. பாவ விடுதலையைப் பற்றிப் பேசுபவர்கள் கூப்பரைத் தவிர்ப்பது நேர்மையாகாது. 1763இல் தற்கொலைக்கு முயன்று, மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, அங்கே ரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை வாசித்து ஆறுதல் பெற்றவர் அவர். 1767இல் ஓல்னிக்கு வந்தார். 1773இன் தொடக்கத்தில் நோய் மீண்டும் தாக்கியது. கடவுள் தன்னை ஒரேயடியாகத் தள்ளிவிட்டார் என்று கனவில் தீர்ப்புக் கேட்டதாக நம்பினார். அதன்பின் கோவிலுக்கு வரவே இல்லை. நியூட்டன் அவரை ஓராண்டுக்கு மேல் தம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். 1800இல் இறக்கும்வரை அந்த எண்ணம் கூப்பரை விட்டு முழுமையாக நீங்கவில்லை. சபைகள் இன்றும் பாடி ஆறுதல் பெறும் பாடல்களை எழுதியவருக்கு, அந்த ஆறுதலில் தமக்குப் பங்கு இல்லை என்பதே அனுபவமாக இருந்தது. விசுவாசம் வேறு, விசுவாசத்தின் நிச்சய உணர்வு வேறு என்று இறையியலாளர்கள் பிரித்துப் பேசுவதற்குக் காரணம் இத்தகைய வாழ்க்கைகளே. விடுதலை உணர்வில் இருக்கிறது என்று போதித்தால் கூப்பர் வெளியே நிற்க வேண்டும். கிறிஸ்துவின் செயலில் இருக்கிறது என்றால், உணராதவனும் உள்ளே இருக்கலாம். நியூட்டன் தம் நண்பனைப் பற்றி இரண்டாவதையே நம்பினார்.

1780இல் லண்டன் நகரின் புனித மேரி வுல்நாத் ஆலயத்துக்கு நியூட்டன் மாற்றப்பட்டார். 1785 டிசம்பரில் இளம் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் அவரை இரகசியமாகத் தேடி வந்தார். பக்திமான் என்று பெயர் வாங்கினால் அரசியலில் கேலிக்கிடமாகும் என்ற பயம்; கதவைத் தட்டுமுன் சதுக்கத்தை ஓரிரு முறை சுற்றி நடந்தார். புதிதாக விசுவாசத்தில் விழித்த அவர், அரசியலை விட்டு விலகலாமா என்று கேட்டார். நாடாளுமன்றத்திலேயே இருந்து கடவுளுக்கு ஊழியம் செய்யும்படி நியூட்டன் சொன்னார். கேப்டனாக இருந்தபோது ஜெபத்தையும் தொழிலையும் தனித்தனி அறைகளில் வைத்திருந்தவர் கொடுத்த ஆலோசனை இது. இரண்டு ஆண்டில் வில்பர்ஃபோர்ஸ் அடிமை வணிக ஒழிப்பைத் தம் கடமையாக எடுத்துக்கொண்டார்.

1788இல், புயல் நடந்து சரியாக நாற்பது ஆண்டுகளில், நியூட்டன் ஆப்பிரிக்க அடிமை வணிகம் பற்றிய சிறுநூலை வெளியிட்டார். தாம் ஈடுபட்ட ஒரு காரியத்தை நினைத்துத் தம் இதயம் இப்போது நடுங்குகிறது என்றும், இந்த அறிக்கை மிகவும் காலம் கடந்து வருகிறது என்றும் பொருள்பட அதில் எழுதினார். கருவியில் நசுங்கிய விரல்கள், திரும்பிப் படுக்க இடமின்றி வரிசையாக அடுக்கப்பட்ட உடல்கள் என்று கண்டதைச் சொன்னார். கப்பல் மேட் ஒருவன், ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தை அழுது தூக்கத்தைக் கெடுத்ததென்று, அதைத் தாயின் கையிலிருந்து பிடுங்கிக் கடலில் எறிந்த சம்பவமும் அதில் வருகிறது. தாயை எறியவில்லை, அவளுக்கு விலை அதிகம். நூலின் பிரதிகள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டன. அதே ஆண்டு மன்னரின் ஆலோசனைக் குழு முன்பும், 1790இல் மக்களவைக் குழு முன்பும் அவர் சாட்சி சொன்னார். சபைகளில் சாட்சி சொல்வது என்றால் பெரும்பாலும் கடவுள் தனக்குச் செய்த நன்மையைச் சொல்வது. நியூட்டனின் இந்தச் சாட்சி, தாம் பிறருக்குச் செய்த தீமையைப் பெயரும் விவரமுமாகச் சொல்லி, சட்டம் இயற்றும் இடத்தில் பதிவு செய்தது. கூப்பரும் அந்த ஆண்டு அடிமை வணிகத்துக்கு எதிராகக் கதைப்பாடல்கள் எழுதினார். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடைசெய்த சட்டம் 1807 மார்ச் 25 அன்று ஒப்புதல் பெற்றது. நியூட்டன் அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று இறந்தார்.

இந்த நாற்பது ஆண்டு இடைவெளியைப் புரிந்துகொள்ள நியூட்டனின் சொந்த இறையியலே உதவுகிறது. ‘ஓமிக்ரான்’ என்ற புனைபெயரில் எழுதிய கடிதங்களில், மாற்கு சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தைப் பின்பற்றி, கிருபை முளையாகவும் கதிராகவும் முற்றிய தானியமாகவும் வளர்வதை மூன்று நிலைகளாக விளக்கினார். முதல் நிலையில் விசுவாசிக்கு ஆர்வமும் உணர்ச்சியும் மிகுதி, தன்னைப் பற்றிய அறிவு குறைவு. முற்றியவனிடம் உணர்ச்சி தணிந்திருக்கலாம். தன் பாவம் மட்டும் முன்னைவிடத் துலக்கமாகத் தெரியும். இதன்படி, தன் குற்றத்தைப் பார்க்கக்கூட மன்னிப்பு முந்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தண்டனைப் பயத்தில் இருப்பவன் தன்னை நியாயப்படுத்திக்கொள்வான். பயம் நீங்கியவனே கணக்கைத் திறந்து பார்ப்பான். கேட்க ஆறுதலான விளக்கம்தான். ஆனால் அந்த இடைவெளியில் அவர் கப்பல்களில் போனவர்களுக்கு அது ஆறுதல் ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒருவனுடைய ஆத்தும வளர்ச்சி மெதுவாக நடக்கும்போது அதன் விலையைப் பிறர் கொடுக்க நேரிடுகிறது. தனிமனிதனின் கெட்ட பழக்கங்களை உடனே பாவமாகக் காட்டும் மனச்சாட்சி, ஊர் கூடிச் செய்யும் பாவத்தைக் காட்டப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. தூஷணத்தை ஒரே இரவில் விட்ட நாக்குக்கும், அடிமை வணிகத்தைக் கண்டித்த பேனாவுக்கும் இடையே இருந்தது இந்தத் தூரம்.

முதிய நியூட்டனிடம் ஆலோசனை கேட்டு வந்த இளைஞர்கள் பலர். இந்தியத் திருச்சபை வரலாற்றில் இடம்பெற்ற கிளாடியஸ் புக்கானன் அவர்களில் ஒருவர். இன்னொருவர், லண்டனில் பட்டு வியாபாரத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த டேனியல் வில்சன். தன் பாவத்தைக் குறித்துக் கலங்கி 1790களில் நியூட்டனைச் சந்தித்துப் பேசியவர். இந்த வில்சன் 1832இல் கல்கத்தா பேராயராக வந்து சேர்ந்தார். தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபைகளும் அன்று அவர் பொறுப்பில் இருந்தன. ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காருவதும், நற்கருணையில் ஒரு சாதிக்குப் பின் மற்றொரு சாதி வருவதும் பழக்கத்தில் இருந்தது. சாதி வேறுபாடு உடனே, முற்றாக, என்றைக்குமாகக் கைவிடப்பட வேண்டும் என்று 1833இல் அவர் சுற்றறிக்கை அனுப்பினார்.

சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. பலர் சபையை விட்டே விலகினர். தஞ்சையின் பெரும் கவிஞரும், கிறிஸ்துவின் மீட்பைத் தமிழில் உருகிப் பாடியவருமான வேதநாயகம் சாஸ்திரியார் எதிர்த்தவர்களின் குரலாக இருந்தார். சாதி உலக வழக்கம். குலம், மரியாதை, சாப்பாடு பற்றியது. சமயத்துக்கும் இரட்சிப்புக்கும் அதனோடு சம்பந்தமில்லை, ஆகவே அது பாவமாகாது என்பது அவர்கள் தரப்பு. வில்சன் அதை ஏற்கவில்லை. கிறிஸ்துவுக்குள் பழையவை ஒழிந்தன என்றால், சாதியும் அந்தப் பழையவற்றில் சேர்ந்தது என்பது அவர் பதில்.